குளம் பார்க்கப் போகும் காலம்

ஆசிரியருக்கு,

தீபாவளி, கந்தசஷ்டி, விளக்கீடு என்று பிள்ளைகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டாட்டமாகவே கழிகின்றன. ஆனால் வன்னியில் இந்தப் பருவத்தின் பெரிய திருவிழா எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. வடகீழ்ப் பருவமழை கனத்து, கனகராயன் ஆறு பெருகி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாள்தான் அது. செய்தி பரவியதும் அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிடுவார்கள். வழிநெடுக வேலிகளில் கார்த்திகைப் பூ, குளக்கட்டில் சுடச்சுடக் கச்சான். தண்ணீர் பாயும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. திரும்பும்போது கனகாம்பிகை அம்மனுக்கு ஒரு கற்பூரம். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் இதே கதைதான்.

கீழே வயல் மூழ்கியவர்களுக்கு இது வேடிக்கையல்ல என்பதும் தெரியும். ஆனாலும் காசு செலவில்லாமல் குடும்பமே சேர்ந்து போகும் இடம் நம்மிடம் வேறு எத்தனை உண்டு?

படம் எடுப்பதற்காக வான்கதவின் அருகே இறங்கும் இளைஞர்களைக் கண்டால்தான் வயிறு கலங்குகிறது. மழை தொடங்குமுன் குளக்கட்டுகளில் உறுதியான தடுப்பு வேலியும், பெண்களுக்கும் முதியோருக்கும் கழிப்பறையும் அமைத்துத் தர வேண்டும். அந்த நாட்களில் நகரிலிருந்து ஒரு பஸ்ஸும் விட்டால் நல்லது.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.