ஐந்து வருடமாக அதே அட்டை

ஒஹாயோ
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கைக்கு,

"அங்கே வந்தால் வளர்ச்சி இருக்குமா, அக்கா?" என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறாய். நலம் விசாரிப்பையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். என் அடையாள அட்டை மேசையில் கிடக்கிறது. இந்த மருத்துவமனையில் சேர்ந்த அன்று அதில் 'ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜிஸ்ட்', அதாவது பேச்சு, மொழிச் சிகிச்சையாளர், என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்தும் அதே வரிதான். மாறியது புகைப்படத்துக்கும் முகத்துக்கும் உள்ள ஒற்றுமை மட்டும்.

நம் தொழிலின் ஏணியில் இரண்டே படிகள்தான்: பயிற்சி முடிக்காதவர், முடித்தவர். அதற்கு மேல் ஏற நினைப்பவர்கள் பக்கவாட்டில்தான் ஏற வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இன்னமும் நீ படிப்பதைத் 'திக்குவாயைச் சரிசெய்யும் படிப்பு' என்றுதான் சொல்கிறார்களா? போன வாரம் நான் பார்த்தவர்களில் திக்கிப் பேசுபவர் ஒருவர்கூட இல்லை. பக்கவாதம் வந்தவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், வென்டிலேட்டரிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள். இவர்களில் பாதிப் பேருக்கு மேல் விழுங்குவதில்தான் சிக்கல். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உடம்பு ஒரே நாக்கையும் ஒரே குரல்வளையையும் வைத்துச் சமாளிக்கிறது. அதனால் தொண்டையில் எது தவறினாலும் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

உள்ளே நுழையும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலைப் பட்டம் வேண்டும். படிக்கும்போதே 400 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, அதில் 25 மணி பார்த்துக் கற்பது. பிராக்சிஸ் என்னும் தகுதித் தேர்வில் 162 மதிப்பெண். பிறகு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் வேலை. இதெல்லாம் முடிந்தால் 'ஆஷா' என்னும் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் சான்றிதழ் தரும். மாநில லைசென்ஸ் அதிலிருந்து தனி. ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்து ஏமாறாதே. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களோடு ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. நம் நாடு அதில் இல்லை. ஆகவே உன் பாடத்திட்டம், பயிற்சி மணிக்கணக்கு எல்லாவற்றையும் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள். பட்டம் வாங்கி வெளியே வந்தபிறகு அதே காகிதத்துக்காக அலைய வேண்டியிருக்கும்.

2017இல் என் முதல் வேலை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். அங்கே 'புரொடக்டிவிட்டி' என்று ஒரு சொல் உண்டு. வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் கட்டணம் போடக்கூடிய சிகிச்சை நேரம் என்ற கணக்கு அது. என்னிடம் 90 சதவீதம் கேட்டார்கள். எட்டு மணி நேரத்தில் மிஞ்சுவது 48 நிமிடம். குறிப்பு எழுதுவது, நர்ஸிடம் பேசுவது, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பது, கழிப்பறைக்குப் போவது எல்லாம் அந்த 48 நிமிடத்துக்குள். மனிதர்களைப் பார்க்க வந்தவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பக்கவாதத்துக்குப் பிறகு, தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடாதென்று, மருத்துவமனையில் 'கெட்டியாக்கிய திரவம் மட்டும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அவர் வைத்த பெயர் 'தண்ணீர் போலீஸ்'. ஒருநாள் கோப்பையை என் பக்கம் தள்ளி, "நீ குடித்துக் காட்டு, பிறகு நான் குடிக்கிறேன்" என்றார். குடித்தேன். நாக்கில் குளிர்ச்சி வந்தது, தண்ணீர் வரவில்லை. கன்னத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகும் விழுங்காதது போலவே இருந்தது. தாகம் நின்ற இடத்தில் நின்றது. அரைக் கோப்பைக்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் அதைத்தான் ஏழு மாதமாகக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, பெரும்பாலும் குடிக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். உதடு வெடித்து, சிறுநீர் குறைந்து கிடந்தார்.

அன்று மாலை என் பையிலிருந்து ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சை எடுத்துச் சோதித்தேன். அடியை விரலால் அடைத்து, திரவத்தை 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து, 10 நொடி கழித்து மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் லேசான கெட்டி, 4 முதல் 8 வரை என்றால் அடுத்த நிலை. உணவு, பானங்களின் பதத்துக்கு இட்சி என்னும் சர்வதேச முறை 0 முதல் 7 வரை வகுத்த நிலைகளில் இவை இரண்டு. ஆர்டரில் இருந்தது 'நெக்டர்' பதம், பழச்சாறு போல ஓட வேண்டும். என் சிரிஞ்சிலிருந்து 10 நொடியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. யாரோ கண்ணளவில் மாவைக் கொட்டிக் கலக்கியிருந்தார்கள்.

அவர்கள்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். அந்த ஏழு மாதத்தில் கடைசி நான்கு மாதம் என்னுடையது. பழைய ஆர்டரை அப்படியே மறுபடி மறுபடி எழுதியிருந்தேன். புரையேறி நிமோனியா வந்தால் என் லைசென்ஸ் என்னாகும் என்ற பயம்தான் காரணம். தடுப்பது பத்திரமாகத் தெரிந்தது. அவருக்கல்ல, எனக்கு.

புரையேறினால் உடனே நிமோனியா என்று படித்தது அரைகுறை உண்மை என்பதை அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சூசன் லாங்மோரும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. பிறர் ஊட்டினால்தான் உண்ண முடியும் என்ற நிலை, வாய்ச் சுத்தத்துக்கும் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள், குழாய் வழி உணவு, ஏகப்பட்ட மருந்துகள், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. தொண்டையில் தவறி இறங்குவது தண்ணீர் மட்டுமா, வாயில் ஊறிய கிருமியும் சேர்ந்ததா என்பதுதான் பெரிய வேறுபாடு. கென்டக்கியில் ஃப்ரேஷியர் மறுவாழ்வு மையத்தில் 1984 முதலே, வாயைச் சுத்தம் செய்துவிட்டு உணவு வேளைகளுக்கு இடையில் வெறும் தண்ணீர் கொடுக்கும் முறை இருக்கிறது. எங்கள் இல்லத்திலோ பெரியவரின் பல்துலக்கி உறை பிரிக்கப்படாமலே இருந்தது.

எக்ஸ்ரே பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டேன். போக்குவரத்துச் செலவு, ஆள் இல்லை என்று மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் போனோம். பேரியம் கலந்த தண்ணீரை அவர் விழுங்க, கறுப்பாக ஒரு கோடு நாக்கின் பின்புறம் சரிந்து, குரல்வளையின் வாசலை எட்டிப் பார்த்து, குரல்நாணைத் தொடும் முன்பே வெளியே தள்ளப்பட்டது. தவறி இறங்குவதை அளக்கும் எட்டுப் புள்ளி அளவுகோலில் இரண்டாவது புள்ளி. இது நம் எல்லோருக்கும் அவ்வப்போது நடப்பதுதான். ஆர்டர் மாறியது. முதல் கோப்பைத் தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்கலங்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன் என்று வைத்துக்கொள். "ஐஸ் எங்கே?" என்றார்.

2019 அக்டோபர் 1 அன்று, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இல்லங்களுக்குப் பணம் கொடுக்கும் முறை மாறியது. அதுவரை எத்தனை நிமிடம் சிகிச்சை கொடுத்தோம் என்பதை வைத்துப் பணம். அன்றிலிருந்து நோயாளியின் நிலையை வைத்துப் பணம். நல்ல மாற்றம்தானே என்று நினைத்தேன். நிமிடங்களுக்கு மதிப்பில்லை என்றானதும் என் நிமிடங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்த வெட்டுதான் என்னை மருத்துவமனைக்கு அனுப்பியது. நிரந்தர இடம் எளிதில் கிடைக்காது. தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வார இறுதி வேலையை முதலில் எடுத்துக்கொண்டேன். விடுமுறை நாட்களில் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் போனேன். நிரந்தர இடம் ஒன்று காலியானபோது அவர்களுக்கு என் கையெழுத்தும் தெரிந்திருந்தது, காலடிச் சத்தமும் தெரிந்திருந்தது. வாசல்கள் இப்படித்தான் திறக்கின்றன. சம்பளப் பேச்சில் மட்டும் முட்டாள்தனம் செய்தேன். அவர்கள் சொன்ன முதல் தொகைக்கே தலையாட்டிவிட்டேன். நீ ஒரு நாள் அவகாசம் கேள்.

மருத்துவமனையில் கற்றதில் பெரியது பார்க்கக் கற்றதுதான். படுக்கையருகில் உட்கார்ந்து கழுத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்தால் பாதி தெரியும். சிலருக்குத் தவறான குழாயில் இறங்கும்போது இருமல்கூட வராது. அதை வெளியிலிருந்து எந்தக் கெட்டிக்காரராலும் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரே அறையில் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பேன். தொண்டைக்குள் நடப்பது ஏறக்குறைய ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, உதடு மூடுவதிலிருந்து உணவுக்குழாயைத் தாண்டுவது வரை 17 கூறுகளாகப் பிரித்து மதிப்பெண் போடுவோம். பானி மார்ட்டின்-ஹாரிஸ் வகுத்த முறை அது. இன்னொன்று, மூக்கு வழியே மெல்லிய கேமராவை இறக்கி மேலிருந்து பார்ப்பது. லாங்மோர் குழுவினர் 1988இல் எழுதி அறிமுகப்படுத்தியது. விழுங்கும் அந்தக் கணத்தில் திரை முழுதும் வெளுத்துப்போகும், ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் தடயங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கற்றுக்கொள்ளச் சக ஊழியர்களின் மூக்குதான் கிடைத்தது. என் மூக்கையும் கொடுத்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்குப் பேச்சு வால்வு பொருத்துவோம். டேவிட் மியூர் என்ற இளைஞர், தசைச் சிதைவு நோயால் உடம்பு அசையாமல் வென்டிலேட்டரில் இருந்தபடி, தனக்காகவே யோசித்துக் கண்டுபிடித்த வால்வு. காற்று உள்ளே போகும், அதே வழியில் திரும்பாது, குரல்நாண் வழியாக மேலே வரும். குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையை முழுதாக இறக்காமல் வால்வை மாட்டினால் மூச்சு உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் போகும். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பேன், பக்கத்தில் சுவாச சிகிச்சையாளர் நிற்பார். ஆறு வாரம் பேசாமல் கிடந்த ஓர் அம்மாவுக்கு மாட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கரகரவென்று வந்த முதல் சொல் தொலைக்காட்சியைப் பற்றியது. ஆறு வாரமாகத் தனக்குப் பிடிக்காத நிகழ்ச்சியைப் போட்டு வைத்திருந்தோமாம்.

மொழியைப் பற்றிப் பயப்படுகிறாய். பயம் நியாயமானது, ஆனால் நீ நினைக்கும் இடத்தில் அல்ல. என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு 'ஒழுங்காகப் பேசுபவரை' அனுப்பச் சொன்ன ஒரு மகள் உண்டு. மேலாளர் என்னையே திருப்பி அனுப்பினார். அது பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது படம் பார்த்துப் பெயர் சொல்லும் ஒரு தேர்வு. போஸ்டன் நேமிங் டெஸ்ட், 60 படங்கள். கடைசிப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சட்டம் ஒன்றின் படம் வரும். பேச்சிழந்த நோயாளி அதைப் பார்த்து விழித்தார், நானும் விழித்தேன். செடிகொடி படரவிடும் பந்தல் என்று எனக்குத் தமிழில் வந்துவிட்டது. 'ட்ரெல்லிஸ்' என்ற சொல்லை விடைத்தாளைப் பார்த்துத்தான் கற்றேன். பேச்சிழப்பு நோயாளி சொல்லைத் தேடி நிற்கும்போது அவசரப்படுத்தாமல் இருக்க எனக்குத் தனிப்பயிற்சி தேவைப்படவில்லை.

பக்கவாட்டில் ஏறுவது என்றேனே, அதற்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். அதைச் சுற்றி ஒரு சந்தையே நடக்கிறது. வாரக் கடைசியில் ஒரு வகுப்பு, ஒரு சான்றிதழ், பெயருக்குப் பின்னால் இன்னும் நாலு எழுத்து. முதல் இரண்டு வருடம் நானும் எழுத்து சேர்த்தேன். பார்க்கின்சன் குரல் பயிற்சிக்கான எல்எஸ்விடி மட்டும் கைக்கு வந்தது. வாரம் 4 நாள், 4 வாரம், 16 அமர்வு என்று நோயாளியை உழைக்க வைக்கும் முறை அது. மற்றவை சுவரில் தொங்குகின்றன. விழுங்கல் துறையில் சிறப்புத் தகுதி ஒன்று இருக்கிறது. அனுபவமும் ஆதாரமும் கேட்டுத் தேர்வும் வைப்பார்கள். அதற்கு இந்த வருடம் விண்ணப்பிக்கிறேன். கிடைத்தாலும் சம்பளம் உயருமா என்று மேலாளரிடம் கேட்டேன், சிரித்தார். மேலாளர் ஆவது இன்னொரு வழி. ஆனால் அவர் நோயாளியைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவரே மறந்துவிட்டார்.

வேலை பள்ளியிலா மருத்துவமனையிலா என்று நான் முடிவு செய்து தர மாட்டேன். மருத்துவமனை என்று நீ முடிவு செய்தால், நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: எக்ஸ்ரே அல்லது கேமரா பரிசோதனை வேண்டும் என்று நான் எழுதினால் எத்தனை நாளில் நடக்கும்? சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்த மூன்று வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பயிற்சிக்குப் போகும் பையில் ஒரு சிரிஞ்ச் போட்டு வைத்துக்கொள். ஊசியில்லாதது, 10 மில்லி. வாங்கியதும் அளவுகோல் வைத்துப் பார்: 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லா சிரிஞ்சும் அப்படி இருப்பதில்லை, அளவு மாறினால் சோதனையே தப்பு. நான் முதலில் வாங்கிய பெட்டி முழுதும் வீணாகிப் போயிற்று.

அன்புடன்,
அக்கா