இறைச்சியைக் கழித்துவிட்டால் சைவ விருந்தாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தர உணவகங்களில் சைவ விருந்துக்கும் அசைவ விருந்துக்கும் ஒரே விலை வைப்பது முறையா என்று கேட்டு, முறையன்று என முடித்திருந்த கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். இறைச்சியைவிடக் காய்கறியின் விலை குறைவு, ஆகவே தட்டின் விலையும் குறைய வேண்டும் என்பதே கட்டுரையாளரின் வாதம். பிறந்தது முதல் சைவ உணவே உண்டு வருபவன் என்ற முறையில் நான் அதை வரவேற்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே விலையைக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. அந்த விலைக்குரிய உழைப்பு என் தட்டிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

என் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்காக, பெயர் பெற்ற ஓர் உணவகத்தில் சிறு சிறு அளவில் வரிசையாகப் பரிமாறும் பத்துத் தட்டுகள் கொண்ட டேஸ்டிங் மெனுவுக்கு முன்பதிவு செய்திருந்தேன். எங்களில் மூவர் சைவம், இருவர் அசைவம் என்பதை இரண்டு வாரங்களுக்கு முன்பே தெரிவித்திருந்தோம். அசைவத் தட்டுகள் ஒவ்வொன்றும் தனிக் கற்பனையோடு வந்தன. எங்களுக்கு வந்தவையோ அதே தட்டுகள்தாம்: மீன் இருந்த இடத்தில் காளான், வாத்து இருந்த இடத்தில் மீண்டும் காளான், இன்னொன்றில் எதுவுமே இல்லாமல் பக்கத்துணையாக இருந்த மசியல் மட்டும். மூன்றாவது தட்டாக வந்த சூப்பை நாங்கள் பாதி உண்ட பிறகு, பரிமாறியவர் ஓடிவந்து, அதில் கோழி எலும்பை வேக வைத்தெடுத்த சாறான ஸ்டாக் சேர்ந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார். என் தாயார் ஒன்றும் சொல்லாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் உண்ணவில்லை. கட்டணத்தில் அந்த ஒரு தட்டின் விலையைக் கழித்துத் தந்தார்கள். அந்த நாளை யாரும் திருப்பித் தர முடியாது.

அன்று எங்களுக்கு நேர்ந்த குறையைக் காய்கறியின் மலிவான விலையால் விளக்க முடியாது. அந்தச் சமையலறையில் யாரும் ஒரு காயை எடுத்துக்கொண்டு, இதிலிருந்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கவே இல்லை. அப்படி யோசித்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சமையல் கலைஞர் மிஷேல் பிரா, லாகியோல் என்னும் மலையூரில் 1980-ஐ ஒட்டி உருவாக்கிய 'கார்கூயு' என்னும் தட்டில் பல பத்து வகைக் காய்கள், கீரைகள், பூக்கள், விதைகள் சேர்கின்றன. ஒவ்வொரு காயும் அதனதன் பக்குவத்துக்கேற்பத் தனித்தனியே வேக வைக்கப்பட்டுக் கடைசியில்தான் ஒன்று சேர்கிறது. ஒரு தட்டுக்காக அதிகாலையிலிருந்து எத்தனை கைகள் உழைக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், காய் மலிவு என்ற கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

பாரிஸில் 'லார்பேஜ்' உணவகத்தை நடத்தும் அலென் பசார், மிஷலின் உணவக வழிகாட்டி தரும் மிக உயர்ந்த மதிப்பான மூன்று நட்சத்திரங்களை 1996-இல் பெற்றவர். வாட்டிய இறைச்சிக்குப் புகழ் பெற்றிருந்த அவர், 2001-இல் சிவப்பு இறைச்சியைத் தம் மெனுவிலிருந்து அகற்றினார். நட்சத்திரங்கள் பறிபோகும் என்று பலர் எதிர்பார்த்தனர், மூன்றும் நிலைத்தன. அவர் செய்தது என்னவென்றால், நெருப்பு, உப்பு, நேரம் ஆகியவற்றைக் கொண்டு இறைச்சிக்குக் காட்டிய அதே கவனத்தைக் காய்களுக்குத் திருப்பியதுதான். முழு பீட்ரூட்டைச் சாம்பல் நிறக் கடலுப்பால் மூடி, அடுப்பில் மெல்ல வேக வைத்து, மேசையருகே அந்த உப்போட்டை உடைத்துப் பரிமாறும் முறை அவருடைய அடையாளமாயிற்று. வெவ்வேறு மண்வாகு கொண்ட தோட்டங்களை அவரே அமைத்து, எந்த மண்ணில் எந்தக் காய் நன்கு சுவைக்கும் என்று பார்த்துப் பயிரிடச் செய்தார். 2025 ஜூலையில், தேன் தவிர விலங்குகளிடமிருந்து பெறும் எல்லாவற்றையும் அவர் விலக்கிவிட்டார்.

சைவத்தில் 'ஆழம்' வராது என்றும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். எலும்பு ஸ்டாக் தரும் நிறைவை அவர் மனத்தில் கொண்டிருக்கிறார் என்று புரிகிறது. ஆனால் அந்தச் சுவையின் வேதியியலே இறைச்சி சேராத ஒரு சாற்றிலிருந்துதான் முதலில் கண்டறியப்பட்டது. 1908-இல் ஜப்பானிய அறிவியலாளர் கிகுனே இகேதா, கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். உலர்ந்த ஷீட்டாகே காளானில் உள்ள குவானிலேட் என்னும் இன்னொரு சுவைப்பொருள் அதனுடன் சேரும்போது சுவை பல மடங்காக உயர்கிறது. ஜப்பானின் ஜென் பௌத்த மடங்களின் சமையலில் கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்துச் சாறெடுக்கும் வழக்கம் இந்த அறிவியலுக்கு வெகுகாலம் முந்தியது. நொதிக்க வைத்தல், உலர்த்துதல், புகையூட்டுதல், மேற்பரப்பு பழுப்பாகும் வரை வறுத்தல் ஆகியவையும் சமையல் கலைஞர்களுக்குத் தெரியாத வழிகள் அல்ல. இவற்றுக்கெல்லாம் நாட்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். உயர்தர உணவகத்தில் நான் விலை கொடுப்பது அந்த நேரத்துக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'சைவம்' என்று எழுதிப் பரிமாறப்படும் தட்டில் எது சேரக்கூடாது என்பதைப் பல சமையலறைகள் தீர அறியவில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் புகழ்பெற்ற இத்தாலியச் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டே உறைய வைக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. இனிப்புத் தட்டுகளில் பளபளக்கும் ஜெல்லியில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். மரபான ஊஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மாற்றுகள் கிடைக்கின்றன. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர் ஓர் எடுத்துக்காட்டு. கேட்டால் மட்டும் சொல்வோம் என்று இருக்காமல், உணவகமே முன்வந்து தெரிவிப்பதுதான் முறை. கொள்கையாலும் சமய நம்பிக்கையாலும் சைவம் உண்பவருக்கு ஒரு கரண்டி ஸ்டாக் சிறிய பிழை ஆகாது.

நியூயார்க்கின் 'லெவன் மாடிசன் பார்க்' உணவகம் இந்த வழியில் சென்று திரும்பிவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். 2021 ஜூனில் முழுத் தாவர மெனுவோடு, 335 டாலர் என்ற பழைய விலையிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. முதல் சில மாதங்களில் கடுமையான விமர்சனங்களைச் சந்தித்தாலும் மூன்று நட்சத்திரங்களை இழக்கவில்லை. 2025 அக்டோபரில் இறைச்சியும் மீனும் அங்கு மீண்டும் இடம்பெற்றன. இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பது சரியன்று. விருந்துக்கு வரும் ஐவரில் ஒருவர் இறைச்சி கேட்டாலும் ஐவருமே வேறிடம் போய்விடும் வணிகச் சிக்கல் எந்தப் பெரிய உணவகத்துக்கும் உண்டு. மறுபுறம், மிலானில் 1989-இல் தொடங்கப்பட்டு 1996-இல் நட்சத்திரம் பெற்ற 'ஜோயா' சைவ உணவகமும், பெய்ஜிங்கின் 2021-ஆம் ஆண்டு மிஷலின் வழிகாட்டியில் மூன்று நட்சத்திரங்களைப் பெற்ற 'கிங்ஸ் ஜாய்' சைவ உணவகமும் நம் முன் இருக்கின்றன. எல்லா உணவகமும் இறைச்சியைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மெனுக்களை ஒரே விலையில் அச்சிடும் உணவகம், இரண்டையும் ஒரே அக்கறையோடு சமைக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

தங்கள் இதழின் உணவக மதிப்புரைகளை நான் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றில் சைவ மெனுவைப் பற்றி, 'சைவ உணவும் கிடைக்கும்' என்ற ஒரு வரிக்கு மேல் கண்டதில்லை. இனி மதிப்புரை எழுதச் செல்பவர்களில் ஒருவரேனும் சைவ மெனுவை முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை உண்டு பார்த்து எழுத வேண்டும் என்றும், ஸ்டாக், சீஸ், ஜெலட்டின் பற்றிய கேள்விகளுக்கு உணவகம் தந்த பதிலை மதிப்புரையிலேயே வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் தாயாரை இன்னொரு முறை அப்படி ஒரு விருந்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்கே செல்வது என்பதைத் தங்கள் பக்கங்களைப் பார்த்து முடிவு செய்ய முடிந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்