திடீர்ச் செலவு என்று ஒன்று இல்லை

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள்.

நீ போனில் அனுப்பிய செலவுப் பட்டியலை நேற்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். போனில் பேசலாம் என்றால் நடுவில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது, எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். ஒளித்துப் பேச இதில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஊதாரிகள் இல்லை. காபிக்கு மாதம் 900 ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் 'குறைக்கணும்' என்று போட்டிருக்கிறாய். எதற்கு? காபியை நிறுத்தினால் வீடு வாங்கலாம் என்று வீடியோவில் சொல்கிற ஆட்களைக் கேட்டுப் பயந்துவிட்டாய் போலிருக்கிறது. ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் சாயங்காலம் ஒரு காபி குடித்தால் குடும்பம் கெட்டுவிடாது. இருபத்தைந்தாம் தேதி கை காய்ந்துபோவதற்குக் காரணம் வேறு.

பட்டியலில் வாடகை, பால், மளிகை, பெட்ரோல், நெட், கேஸ் எல்லாம் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கித்தான் நிற்கிறது. ஆனால் மாசா மாசம் நீ என்னிடம் சொல்வது, "இந்த மாசம் மட்டும் திடீர்னு ஒரு செலவு வந்துருச்சும்மா." ஜூனில் வண்டி இன்சூரன்ஸ், ஜூலையில் எல்ஐசி, இப்போது ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள். இன்சூரன்ஸ் திடீரென்றா வருகிறது? போன வருஷம் எந்தத் தேதியோ, இந்த வருஷமும் அதே தேதி. தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாசக் கணக்கு மட்டும் போட்டு வருஷக் கணக்கை விட்டால் இப்படித்தான், ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று வந்து கதவைத் தட்டும்.

நான் உன் வீட்டுக்கு ஒரு வருஷக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் 4,000. சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 8,000. எல்ஐசி 12,000. தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம், வெடி, வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பது என்று 20,000. பொங்கலுக்கும் மற்ற நாளிலும் ஊர் வந்துபோக 14,000. மொய், சீர் 16,000. காய்ச்சல், பல் வலி என்று ஆஸ்பத்திரிக்கு 10,000. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. அந்த 7,000 உன் பட்டியலில் எங்கேயுமே இல்லை. ஆனால் வருஷம் முழுக்கச் செலவாகிக்கொண்டேதான் இருக்கிறது, கிரெடிட் கார்டில்.

மொய்யை எப்படி முன்கூட்டிச் சொல்வது என்று கேட்பாய். நம் பக்கத்தில் அதைவிடச் சுலபமாகச் சொல்லக்கூடிய செலவே கிடையாது. உன் கல்யாணத்து மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. யார் எவ்வளவு எழுதினார்கள், யார் வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், யார் வீட்டில் காதுகுத்து வரும் என்று புரட்டினால் தெரிந்துவிடும். 500 எழுதினவர்களுக்கு 500-க்குக் குறையாமல் திருப்பி எழுதியாக வேண்டும். இந்த வருஷம் உங்கள் கணக்கில் வரக்கூடிய வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இந்த 7,000-ஐச் சம்பளம் வந்த அன்றைக்கே தனிக் கணக்குக்கு மாற்றிவிடு. போனில் ஜிபேயோடு சேர்க்காத கணக்காக இருக்கட்டும். தபால் ஆபீஸ் ஆர்டி நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருஷம். வருஷத்துக்குள்ளேயே எடுத்துச் செலவழிக்கிற பணத்தை அதில் போட முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். வட்டிக்காக இல்லை, கண்ணில் படாமல் இருப்பதற்காக. தெருவில் யாரோ பிடிக்கிற தீபாவளிச் சீட்டில் மட்டும் போடாதே. நம் ஊரிலேயே அப்படி ஒருவர் ஐப்பசிக்கு முந்தின வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். இந்தத் தீபாவளிக்குள் மூன்று மாதப் பணம், 21,000-தான் சேரும். அதற்குள் பண்டிகையை முடியுங்கள். எங்களுக்குத் துணி எடுக்க வேண்டாம், அப்பாவுக்குப் போன வருஷ வேட்டியே மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

மேலே கிரெடிட் கார்டு என்று எழுதினேனே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினிமம் தொகை மட்டும் கட்டுகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னாய். மீதிக்கு அவர்கள் போடுகிற வட்டி மாதம் மூன்றரை சதவீதம் வரைக்கும் போகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி. இங்கே ஒருவன் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி கேட்டால் கந்துவட்டிக்காரன் என்று அவன் வாசலை மிதிக்க மாட்டோம். அவனைவிட அதிகம் கேட்கிறவனுக்கு நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுக்கிறீர்கள், ஆப்பில் நட்சத்திரம்கூடப் போடுகிறீர்கள். பாக்கி 38,000 என்று பார்த்தேன். உன் கல்யாணத்தில் வந்த மோதிரங்களில் போடாமலே கிடப்பதை பேங்கில் வைத்தாவது அதை முதலில் அடைத்துவிடு. நகைக் கடன் வட்டி கார்டு வட்டியில் கால் பங்குதான் வரும். மாப்பிள்ளை கௌரவம் பார்ப்பார். அவரிடம் இந்த ஒரு பாராவைக் காட்டு.

அடுத்து கரண்ட் பில். மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் ஓடி 2,376 ரூபாய் வந்திருக்கிறது. அப்பா 2024 ஜூலையில் ஏற்றின கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டார். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,805-தான். 40 யூனிட்டுக்கு 571 ரூபாய், யூனிட்டுக்குப் பதினான்கு ரூபாய்க்கு மேல்! ஏன் தெரியுமா? 500-க்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2 ரூபாய் 35 காசு. 500-ஐத் தாண்டினால் அந்த இரண்டாவது நூறே 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நினைக்காதே, பின்னால் போய் பழையதையும் ஏற்றிவிடுகிறது. ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். விடியற்காலையில் முக்கால் மணி நேரம் முன்னாலேயே அணைகிற மாதிரி டைமர் வைத்திருந்தால் அந்த 40 யூனிட் ஓடியே இருக்காது. ரீடிங் எடுத்துப் போன தேதியைக் காலண்டரில் குறித்து வை. ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் போய்ப் பார். 250 தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையை இறுக்கு. தாண்டவில்லையா, நிம்மதியாக ஏசி போட்டுத் தூங்கு.

மளிகையில் நான் சொல்கிறபடி கேட்டுத்தான் ஆக வேண்டும். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்தவள் நான். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று வருகையை எண்ணி, எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் உலை வைப்போம். நோட்டில் இருக்கிற இருப்பும் மூட்டையில் இருக்கிற இருப்பும் ஒத்துப்போக வேண்டும். உன் சமையலறையில் இருப்பு என்ன என்று உனக்கே தெரியாது. போன தடவை வந்தபோது மேல் ஷெல்ஃபில் பார்த்தேன். பிரித்த ரவை பாக்கெட் மூன்று, ரப்பர் பேண்ட் போட்டு. இரண்டில் புழு. துவரம்பருப்பு ஆஃபரில் வந்ததென்று ஐந்து கிலோ, அடியில் வண்டு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில், வாரத்தில் பாதி நாள் வெளியே சாப்பிடுகிறவர்களுக்கு, மாதம் ஒன்றரைக் கிலோ பருப்புக்கு மேல் எதற்கு?

மாதக் கடைசியில் டப்பாக்களைத் திறந்து பார்த்து, இருப்பதைக் கழித்துவிட்டு லிஸ்ட் எழுது. மொத்தமாக ஒரே தடவை வாங்கு. பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுக்கிற ஆப்பில் கொத்தமல்லிக்கட்டு ஒன்றுக்காகப் போகிறாய். டெலிவரி இலவசம் ஆவதற்காக சிப்ஸும் ஐஸ்கிரீமும் சேர்த்துப் போடுகிறாய். பட்டியலில் அப்படி ஒரே மாதத்தில் 23 ஆர்டர் எண்ணினேன். மழைக்கும் காய்ச்சலுக்கும் அது இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரேஷன் கார்டு விஷயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாய். நம் கார்டிலிருந்து உன் பெயரை நீக்கியாயிற்று, மாப்பிள்ளை பெயரையும் அவர்கள் கார்டில் எடுத்ததும் புதுக் கார்டுக்கு விண்ணப்பி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறெங்கே கிடைக்கும்? ஐடி கம்பெனியில் இருந்துகொண்டு வரிசையில் நிற்பதா என்று கூச்சப்படுகிறாய். வேண்டாம் என்றால் வாங்காதே, அது உன் இஷ்டம். ஆனால் கார்டு கையில் இருக்கட்டும், விலாசத்துக்கும் ஆகும்.

இட்லி மாவைப் பற்றி அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு ஆட்டினால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும், பாக்கெட் மாவு எதற்கு என்றார் அவர். எட்டரை மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் எப்போது ஊறவைத்து எப்போது ஆட்டுவது? ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஆட்டு, முடியாவிட்டால் பாக்கெட்டே வாங்கு. எப்படியாவது ஃப்ரிட்ஜில் மாவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாவு இருக்கிற வீட்டில் ராத்திரி பரோட்டா ஆர்டர் போகாது. உன் பட்டியலில் பெரிய தொகை அதுதான், காபி இல்லை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. முட்டை, பழம், கீரையில் கை வைக்காதே. மாப்பிள்ளையின் ஹெல்மெட் வார் அறுந்திருக்கிறது, அதை ஒட்டிப் பயன் இல்லை, புதிது வாங்கு. எங்களுக்கு மாதம் அனுப்புகிற 4,000-ஐயும் நிறுத்தாதே. நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று சொல்லலாம்தான், ஆனால் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அதில்தான் வாங்குகிறோம். என் பென்ஷன் எவ்வளவு என்று உனக்குத் தெரியும்.

அப்புறம், ஆளுக்கு 2,000 கணக்கில்லாத பணம் என்று எடுத்து வையுங்கள். அதை எதற்குச் செலவழித்தாய் என்று அவர் கேட்கக் கூடாது, நீயும் கேட்கக் கூடாது. அம்மாயி கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்த்தது தாத்தாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேட்காமல் இருந்தார், அதனால்தான் அந்த வீட்டில் சண்டை குறைவு. மற்றது எல்லாம் ஒரே நோட்டில், இரண்டு பேரும் பார்க்கிற மாதிரி. ஆப்பில் எழுதினாலும் சரி. மாதம் ஒரு தடவை, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து பாருங்கள். பசியோடு பணக் கணக்கு பார்க்க உட்காராதீர்கள்.

பொங்கலுக்கு ரயில் டிக்கெட் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் வாரம், காலை 8 மணி. திண்டுக்கல் வரைக்கும் ரயில் கிடைத்தால் போதும், அங்கிருந்து பஸ் இருக்கிறது. போன வருஷம் ஆம்னி பஸ்ஸுக்கு ஒரு வழிக்கே இரண்டு பேருக்கு 4,600 கொடுத்தீர்கள். போனில் அலாரம் வைத்துக்கொள். வரும்போது அந்த ஐந்து லிட்டர் குக்கரையும் எடுத்து வா, மூடி ரப்பரும் வால்வும் இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாற்றித் தருகிறார்கள். புதுக் குக்கர் வாங்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா