அந்த ஸ்கோர் தாளுக்கு நன்றி

சனிக்கிழமை மதியம் மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

கிரிக்கெட் ஆட்டத்தில் பேட்டிங் செய்யும்போது பந்து என் தலையில் பட்டு நான் விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குக் காலில் பேடு கட்டியது நினைவிருக்கிறது. அப்புறம் மருத்துவமனை விளக்கு. இன்னும் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், நான் சொல்லச் சொல்லத் தங்கை தட்டச்சு செய்கிறாள். தலை லேசாகச் சுற்றுகிறது. ஆனாலும் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

என் கழுத்து அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்ட விக்கெட் கீப்பர், உடனே ஆட்டத்தை நிறுத்திய அம்பயர்கள், வெயில் படாமல் சுற்றி நின்ற இரண்டு அணிக்காரர்கள், அம்மாவுக்குப் பதறாத குரலில் போன் செய்தவர், கிட் பையை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர்: ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

இந்த மடல் முக்கியமாக எதிரணியின் ஸ்கோரர் தம்பிக்கு.

பதினொருவரில் இடம் கிடைக்காமல் அன்றைக்கு ஸ்கோர் எழுத உட்கார்ந்தவன் நீ என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எல்லோரும் பிட்ச்சுக்கு ஓடியபோது நீயும் ஓடியிருக்கிறாய், கையில் ஸ்கோர் புத்தகத்தோடு. யாரும் உன்னை எழுதச் சொல்லவில்லை. பாதி ஓவரில் நின்றுபோன பக்கத்தின் ஓரத்தில் நீயாகவே எழுதியிருக்கிறாய். தங்கை படித்துக் காட்டினாள்:

"3:42 காதுக்குப் பின்னால், ஹெல்மெட்டுக்குக் கீழே பட்டது. விழுந்தார். 3:43 கண் திறந்தார். 3:46 'எத்தனை ஓவர் ஆச்சு?' என்றார். 3:49 மறுபடி அதே கேள்வி. 3:51 அதே கேள்வி. 3:55 வாந்தி. 4:04 வாந்தி. தண்ணீர் கொடுக்கவில்லை."

என் பெயருக்கு நேரே 'ரிட்டயர்டு ஹர்ட்' (அவுட் ஆகாமல் காயத்தால் வெளியேறியவர்) என்றும் ஒழுங்காக எழுதியிருக்கிறாய்.

எவ்வளவு நேரம் நினைவு தப்பியது, எத்தனை முறை வாந்தி, பேச்சு தெளிவாக இருந்ததா என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டாராம். கூட வந்த நண்பர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பதற்றத்தில் யார் கடிகாரம் பார்ப்பார்கள்? ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் நேரத்தில் நீ கிழித்துக் கொடுத்த தாளைத்தான் கடைசியில் நீட்டியிருக்கிறார்கள். தலையில் அடிபட்டவர் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்திருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டுமாம். தாளைப் படித்ததும் டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, கன்கஷன்தான், அதாவது அடிபட்டதில் மூளைக்கு ஏற்பட்ட அதிர்ச்சி. ஸ்கோர் புத்தகத்தில் தாள் கிழிக்க எந்த ஸ்கோரருக்கும் மனசு வராது. நீ யோசிக்காமல் கிழித்திருக்கிறாய்.

சர்வதேச ஆட்டம் என்றால் பக்கத்திலேயே டாக்டர் இருப்பார். 2019 முதல் கன்கஷன் ஆனவருக்குப் பதிலாக இறங்குபவர் பேட்டிங், பவுலிங் எல்லாம் செய்யலாம். வார இறுதி கிளப் ஆட்டத்தில் நமக்கு நாம்தான் துணை. அந்தத் துணை எவ்வளவு பெரியது என்று படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பந்து வீசிய நண்பருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மருத்துவமனை வாசலில் நெடுநேரம் நின்றிருந்தீர்கள் என்று சொன்னார்கள். அது விதிக்கு உட்பட்ட பவுன்சர், நல்ல பவுன்சர். உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸ் கழுத்தில் பவுன்சர் பட்டு இறந்த பிறகு, அந்தப் பந்தை வீசிய ஷான் அபாட் அடுத்த மாதமே களத்துக்குத் திரும்பி, ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டும் கழுத்துக் காப்பு இல்லாமல் இனி நான் பேட்டிங் இறங்க மாட்டேன். எங்கள் அணியில் யாரையும் இறங்க விடவும் மாட்டேன்.

பாதியில் நின்ற ஆட்டத்தை மறுபடி வைக்கலாம் என்று இரண்டு கேப்டன்களும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு அதற்குள் விளையாட அனுமதி கிடைக்காது. எதிரணி கேப்டனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அன்றைக்கு இந்தத் தம்பியைப் பதினொருவரில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அணிக்கும் சேர்த்து ஸ்கோர் நான் எழுதுகிறேன்.