சாகக் காத்திருக்கும் கூடாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் கேரளத்தின் நோய் ஆதரவு (பாலியேட்டிவ்) மையங்களைப் பற்றிய கட்டுரைக்கு 'சாகக் காத்திருப்போரின் கூடாரம்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். வைத்தவர் யாரோ, அவர் வீட்டில் யாரும் வலியால் படுத்ததில்லை போலிருக்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும்.

என் அக்காவின் கணவர் கேரளத்து மஞ்சேரியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். முதுகெலும்பில் புற்றுநோய் பரவிப் படுக்கையில் விழுந்தார். எந்தக் கூடாரத்துக்கும் அவர் போகவில்லை. 'பாலியேட்டிவ்' என்று அந்த ஊரார் சொல்கிறார்களே, அதுதான் வண்டி பிடித்து அவர் வீட்டுக்கு வந்தது. நர்ஸ் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார். கூடவே ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர், கல்லூரிப் பையன் ஒருவன். மாமா அவர்களோடு பஞ்சாயத்து அரசியல் பேசிச் சண்டை போடுவார், கப்பையும் மத்திக் குழம்பும் வேண்டும் என்று அக்காவை விரட்டுவார். இதற்குப் பெயர் சாகக் காத்திருப்பதா?

உங்கள் நிருபர் இதையெல்லாம் 'சில நல்ல உள்ளங்களின் கருணை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வேலை அது என்பதும், பிறகு மலப்புரத்தில் கடைக்காரரும் மாணவரும் கூலித்தொழிலாளியும் தாங்களே பயிற்சி பெற்று அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள் என்பதும், 2008-இல் கேரள அரசே அதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. மாமாவின் கடை மேஜையிலேயே அவர்களுடைய உண்டியல் இருந்தது. பல வருஷம் சில்லறை போட்டவர், கடைசியில் அதன் பலனை வாங்கிக்கொண்டார். கருணை எங்கே வந்தது இதில்? மொய் வைத்தவனுக்குத் திரும்ப வரும் மொய், அவ்வளவுதான்.

என் கணவருக்கு 2016-இல் பொள்ளாச்சியில் இது எதுவும் கிடைக்கவில்லை. 'இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்' என்று ஒரு பெரிய மருத்துவமனை அனுப்பிவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் முதல் பக்கத்தில் முழுப் பக்க விளம்பரம் தருகிறவர்களை நான் ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரைச் சீட்டோடு நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கஞ்சா கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். போதைப்பொருள் சட்டத்தை 2014-இலேயே திருத்தி, நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்க வழி செய்தார்கள். அந்த மார்ஃபினை எடுக்கும் அபின் மத்தியப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிராகிறது. என் வீட்டுக்கு மட்டும் மார்ஃபின் வந்து சேரவில்லை. வலி வந்த பிறகு ஓடாமல், வருமுன்னே நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. லண்டனில் 1967-இல் இறுதிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் வற்புறுத்தியதும் இதைத்தான். எனக்கு அது என் கணவர் போன பிறகு, மஞ்சேரி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. நீங்கள் வெளியிட்டதோ ரத்த அழுத்த மாத்திரை வழங்கும் படம் மட்டும். அதே கட்டுரையில் 'வலி நிவாரனம்' என்று மூன்று இடத்தில் அச்சாகியிருக்கிறது. நிவாரணத்துக்கு மூன்று சுழி ண. எட்டாம் வகுப்பில் இதற்கு அரை மதிப்பெண் குறைப்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வலி நிவாரணப் பிரிவு எங்கே, எந்தக் கிழமை இயங்குகிறது, மார்ஃபின் கையிருப்பு உண்டா என்று விசாரித்து, 'இன்றைய நிகழ்ச்சிகள்' பக்கத்தில் வாரம் ஒருமுறை நான்கு வரி போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என் ராசியையே எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். மார்ஃபின் என்ற சொல்லை மட்டும் வெட்ட வேண்டாம். 2016-இல் நான் எழுதிய கடிதத்தில் அதைத்தான் வெட்டினீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பொள்ளாச்சி.