கொல்லையில் விழுந்த முதல் நெற்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அப்பாயி, நான் மூவரும் நலம். தொலைபேசியில் பேசும்போது உடம்பு, வேலை, சாப்பாடு என்று கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. இதை ஆற அமர எழுதினால்தான் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

நேற்று முன்தினம் இரவு எல்லோரும் படுத்துவிட்ட பிறகு, கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, தென்னை மரம் இன்னும் உயரவில்லை அல்லவா? ஆனாலும் அப்பா சட்டென்று எழுந்து, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு நெற்று இருந்தது. கிணற்றடி ஓரம் நட்ட கன்றில் காய்த்து, தானாக முற்றி, தானாக விழுந்த முதல் காய்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது நீ விடுதியில் இருந்தாய். விடிந்து கதவைத் திறந்தபோது நம் கொல்லையில் இருந்த 40 தென்னைகளில் 3 மட்டுமே நின்றன. பேராவூரணிப் பக்கம் யார் தோப்பைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களைவிட, அதன் பிறகு வந்த இரவுகளின் அமைதிதான் என்னை அதிகமாக வருத்தியது. அதற்கு முன்பெல்லாம் மட்டை விழும், காய் விழும். நாம் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவோம். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதற்காக ஒரு நாளும் கடவுளுக்கு நன்றி சொல்லவில்லையே என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

மறு ஆண்டு ஆடியில் அப்பா நெட்டை ரகத் தென்னங்கன்றுகளை நட்டார். குழியைச் சுற்றி உரிமட்டைகளை மல்லாக்க அடுக்கிப் புதைத்து ஈரம் காத்ததும், வண்டு குருத்தைத் துளைக்காதிருக்க வேப்பம்புண்ணாக்கோடு மணலைக் கலந்து மட்டை இடுக்குகளில் போட்டதும், கோடையில் மோட்டார் ஓடாத நாட்களில் நானும் அவரும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும் உனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் பாளை வெடித்தது. குரும்பைகள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன; தங்கியவை நெற்றாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

காலையில் அப்பா அதை உரித்து அப்பாயியின் கையில் கொடுத்தார். கண்பார்வை மங்கிவிட்டாலும் அப்பாயி காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் குறையவில்லை, காய் நல்ல காய் என்றார். பிள்ளையார் முன்னால் உடைத்தோம். பருப்பு சற்று மெல்லியதுதான். ஆனால் ஓட்டின் ஓரத்தில் பல்லால் சுரண்டித் தின்னும் அளவுக்கு இனிப்பு. அரை மூடியில் சட்னி அரைத்தேன். அப்பா வழக்கமாக மூன்று தோசையோடு எழுந்துவிடுவார். அன்று ஐந்து சாப்பிட்டார். யாரும் அதிகம் பேசவில்லை. அடுப்பு எரிகிறது, அப்பாயி திண்ணையில் வெற்றிலை இடிக்கிறார், பசு கன்றைக் கூப்பிடுகிறது. அந்த அரை மணி நேரத்துக்காக நான் மனதாரக் கைகூப்பினேன். நீயும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, ஆனாலும் அதை ஒரு குறையாக எழுத மனம் வரவில்லை. நீ அனுப்பிய பணத்தில்தானே அந்தத் தென்னங்கன்றுகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டோம்? அந்தச் சட்னியில் உன் பங்கும் இருந்தது.

இன்று விடியற்காலையில் இரண்டாவது காயும் விழுந்தது. அதை உரிக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கிணற்றடி ஈரமணலில் உனக்காகப் பாதி புதைத்து வைத்திருக்கிறோம். நீ தையில் வந்தால் உடைத்துத் துவையல் அரைக்கிறேன். விடுமுறை தள்ளிப்போய்ச் சித்திரையில்தான் வருவாய் என்றால் அதற்குள் முளைவிட்டிருக்கும். உள்ளே நீ சின்ன வயதில் அடம்பிடித்துக் கேட்ட தேங்காய்ப்பூ இருக்கும்.

அன்புடன்,
அம்மா