கேஸ் ஷீட்டில் விடுபடும் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைக்காயச் செய்தி என்றால் ஹெல்மெட் போட்டிருந்தாரா, குடித்திருந்தாரா என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடிபட்டவர் எந்த மாதிரி வீட்டில் வளர்ந்தார் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் 18 வயதுக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றி விசாரித்தார்கள். அடி, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்தது, வீட்டில் குடிநோயாளி, சிறை சென்றவர் என்று வகை பிரித்துக் கேட்டார்கள். இதில் 4 வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என முதல் சுற்றுப் பதில்களை வைத்து 1998-ல் வெளியான கட்டுரை சொன்னது. வட கரோலினாவின் 2014-ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து நடந்த ஆய்வில் மூளைக்காயத்துக்கும் இதே தொடர்பு தெரிந்தது.

தொடர்பு வரும் வழி ஒன்றல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வழி. இரண்டாவது, ஓயாத பயத்தில் வளரும் குழந்தைக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு சீர்கெடுகிறது. அவசரப் புத்திக்குக் கடிவாளம் போடும் நெற்றிப் பக்க மூளையின் வளர்ச்சியை அது பாதிக்கிறது. அந்தப் பகுதி முழுதாக முதிர 25 வயதுவரை ஆகும். மூன்றாவது வழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அடி நின்றிருக்காது. அப்பாவிடம் வாங்கியவள் புருஷனிடமும் வாங்குகிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதப்படுகிறது.

இந்தப் பழைய அடிகளைக் கேட்கும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. “முன்னாடி தலையில அடிபட்டிருக்கா?” என்றால் தையல் போடாத எதுவும் நினைவுக்கு வராது. சம்பவம் சம்பவமாகப் போக வேண்டும். வண்டியில் விழுந்ததுண்டா, மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்ததுண்டா, யாராவது தலையைச் சுவரில் மோதியதுண்டா, கழுத்தை நெரித்ததுண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், அப்போது என்ன வயது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழக்கப்பட்டவருக்கு 5 நிமிட வேலை. (மோதிரக் கையால் குட்டுப்படுவதையே பெருமையாகச் சொல்லும் மொழி நம்முடையது. ஒரு குட்டில் மூளை கலங்கிவிடாது. மண்டையைப் பிடித்துச் சுவரில் இடிப்பது வேறு.)

அடிபட்ட முதல் சில நாட்களில், ஆள், இடம், நாள் தெரியாத குழப்பத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. குழப்பம் தெளிந்த பிறகு, கூட இருக்கும் அட்டெண்டரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். அடித்தவரே கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். வேண்டாம் என்று தலையாட்டினால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சிறுவயதில் அனுபவித்த கொடுமை வகைகளின் எண்ணிக்கையை மார்க் போலப் போட்டு, “உங்களுக்கு 6, ஆபத்து அதிகம்” என்று சொல்லிவிடவும் கூடாது. தனிமனிதரை அளக்க அது பக்குவமான கருவியல்ல என்று சான் டியாகோ ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-ல் எச்சரித்திருக்கிறார்.

பின் எதற்குக் கேட்பது? சிகிச்சையை மாற்றத்தான். அடிவாங்கி வளர்ந்தவரைச் சொல்லாமல் பின்னாலிருந்து தொட்டால் திமிறுவார், கத்துவார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிப் பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறார்கள். முன்னால் வந்து, சொல்லிவிட்டுத் தொட்டால் போதும். கோபம் முழுவதும் காயத்தால் வந்ததல்ல என்று தெரிந்தால் வீட்டாருக்குச் சொல்லும் ஆலோசனையும் மாறும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. 49-வது மணியிலிருந்து என்ன என்பதுதான் எங்கள் கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கி, ‘ஆம்’ என்பவரை மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளரிடமோ 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ இணைத்துவிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் இன்றும் அடிவாங்கும் குழந்தை இருப்பது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098.

– தலைக்காய மறுவாழ்வுப் பணியாளர்கள் சிலர், மதுரை